வெளியூர்க்காரர் என்பவர் யார்?

நமது சங்கத்தின் 3-வது விதியைத் திருத்த வேண்டும் என்று சில தோழர்கள் கையொப்பமிட்ட கோரிக்கை ஒன்று செயற்குழுவுக்கு வந்திருக்கிறது. "புலம்பெயர்ந்த தமிழர் எவரும் உறுப்பினராகலாம்" என்பது இப்போதுள்ள விதி. புலம்பெயர்ந்தவர் என்றால் யார் என்று அதில் எழுதப்படவில்லை, எழுத வேண்டும் என்பது கோரிக்கை. அவர்களே ஒரு வரையறையும் எழுதித் தந்திருக்கிறார்கள்: தமிழ்நாட்டில் பிறந்து, பிழைப்பை நாடி ஆந்திரத்துக்கு வந்தவர்.

இதன் பின்னால் இருக்கும் காரணத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை. சங்கத்தின் நிதி சிறியது. பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கிறோம். ஊரில் சாவு விழுந்தால் அன்றிரவே புறப்பட வேண்டியவருக்குக் கைமாற்றாகக் கொடுக்கிறோம். சித்தூரிலும் நகரியிலும் சொந்த வீடும் கொஞ்சம் நிலமும் உள்ள தமிழர்களும் இதில் பங்கு கேட்கிறார்கள், ஆம்பூரிலிருந்தும் போளூரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருப்பவனுக்குப் பங்கு குறைகிறது என்பது அந்தத் தோழர்களின் மனக்குறை. குறை நியாயமானது. அதற்குக் கொண்டு வந்த மருந்துதான் நோயை விடப் பெரியது என்பது நமது கருத்து. பொதுக்குழு கூடும் முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில், இந்த வரையறையால் வெளியே போகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். ரேணிகுண்டா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் போகிறார்கள். அப்பன் உறுப்பினர், மகன் அந்நியன்! நகரியிலும் புத்தூரிலும் தறி ஓட்டும் குடும்பங்கள் போகின்றன. திருப்பதியில் மூன்று தலைமுறையாகப் பூக்கட்டும் தாய்மார்கள் போகிறார்கள். சத்தியவேடு பக்கத்துத் தமிழர்களின் கதையோ வேடிக்கையானது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை சித்தூர் என்று ஒரு மாவட்டமே கிடையாது. சித்தூர், சந்திரகிரி, திருத்தணி எல்லாம் வட ஆர்க்காடு மாவட்டம். மதனப்பள்ளி கடப்பை மாவட்டம். இவற்றைச் சேர்த்துத்தான் வெள்ளைக்காரன் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினான். எல்லாம் சென்னை மாகாணத்துக்குள் இருந்தபடியால் எந்த ஊர் எந்த மாவட்டம் என்பது தாசில்தாரின் கவலையாக இருந்ததே ஒழிய, ஜனங்களின் கவலையாக இருக்கவில்லை. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதோடு போயிற்று. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் மூண்டது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது என்பது அந்தப் போராட்டத்துக்குப் பெரிய ஆதாரம். எல்லைக்கல் யாருக்குச் சொந்தம் என்பது இரண்டு வயல்காரர்களுக்கு நடுவிலேயே தீராத வழக்கு; மலையே எல்லைக்கல்லாக இருந்தால் கேட்கவும் வேண்டுமா?

தீர்த்து வைக்க வந்தவர் எச்.வி.படாஸ்கர். அவர் தாலுக்காவை அளவாகக் கொள்ளவில்லை, கிராமத்தை அளவாகக் கொண்டார். எந்த மொழி பேசுவோர் ஒரு கிராமத்தில் அதிகம், அந்தக் கிராமம் எந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்தார். அதன்படி 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் அமலாயிற்று. திருத்தணி தாலுக்காவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

அதாவது, சத்தியவேட்டுப் பக்கத்தில் மார்ச் 31-ந்தேதி இரவு சென்னை மாநிலத்தில் படுத்த மனிதன் மறுநாள் ஆந்திரத்தில் கண் விழித்தான். திருத்தணியில் படுத்தவன் ஆந்திரத்தில் படுத்துச் சென்னை மாநிலத்தில் எழுந்தான். டிக்கெட் எடுக்காமல் மாநிலம் விட்டு மாநிலம் போன பிரயாணிகள் இவர்கள்தான்! இவர்களில் புலம்பெயர்ந்தவர் யார்? காலை ஓர் அடி எடுத்து வைக்காதவனைப் புலம்பெயர்ந்தவன் என்பதா? அல்லது அவன் பெயரவில்லை, அவன் காலடியில் இருந்த புலம் பெயர்ந்தது என்பதா? முன்மொழியப்பட்ட வரையறையின்படி, 1960-க்கு முன் சத்தியவேட்டில் பிறந்தவர் தமிழ்நாட்டில் பிறந்தவரா இல்லையா என்பதற்கு அந்தத் தோழர்களால் பதில் சொல்ல இயலாது.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1977 அக்டோபர் 2-ல் குண்டக்கல் கோட்டம் தென்னக ரயில்வேயிலிருந்து தென்மத்திய ரயில்வேக்கு மாறிற்று. முதல் நாள் சென்னையைப் பார்த்து வேலை செய்த நிலையம் மறுநாள் செகந்திராபாத்தைப் பார்த்து வேலை செய்தது. மேசை அதே மேசை, தண்டவாளம் அதே தண்டவாளம். காட்பாடி ஒரு ரயில்வே, அடுத்துள்ள சித்தூர் வேறொரு ரயில்வே. வண்டி மட்டும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, வேறு நல்ல வரையறை எழுதிவிட்டால் ஆயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். எழுதிப் பாருங்கள். பிறந்த இடத்தை வைத்தால் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். தகப்பன் பிறந்த இடத்தை வைத்தால் பேரப்பிள்ளை போய்விடுகிறான். வந்து எத்தனை வருஷம் என்று வைத்தால், பத்து வருஷம் ஆனவன் புலம்பெயர்ந்தவன், பதினோரு வருஷம் ஆனவன் ஊர்க்காரன் என்று ஆகும். அந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு என்ன முளைத்துவிட்டது? பேசும் மொழியை வைப்போம் என்றால், இந்தச் சீமையில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்காத வாக்கியம் எந்த வீட்டில் இருக்கிறது? ஒரு தலையில் எத்தனை மயிர் உதிர்ந்தால் வழுக்கை என்று கேட்டால் யாராலும் எண்ணிக்கை சொல்ல முடியாது. அதற்காக வழுக்கை என்ற சொல்லை யாரும் விட்டுவிடவில்லை. (திருமலைக் கல்யாணகட்டாவில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை என்பது வேறு விஷயம்.) எத்தனை நெல் சேர்ந்தால் குவியல் என்பதும் அப்படித்தான். களத்தில் குவியலைப் பார்த்தவனுக்கு அது தெரியும். எண்ணிச் சொல்லத்தான் தெரியாது.

அப்படியானால் அரசாங்கம் மட்டும் எப்படி வரையறை எழுதுகிறது? இங்கேதான் நம் தோழர்கள் நின்று கவனிக்க வேண்டும். அரசாங்கம் சொல்லுக்குப் பொருள் எழுதுவதில்லை. தனக்கு ஆக வேண்டிய காரியத்துக்கு ஒரு கோடு கிழித்துக்கொள்கிறது. டிக்கெட் கவுண்டரில் குழந்தை என்றால், 5 வயது முடிந்து 12 வயது முடியாதவர். அதற்கு அரை டிக்கெட். 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 2016 ஏப்ரல் முதல், முன்பதிவில் அந்தக் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். குழந்தை என்பது என்ன என்று ரயில்வே எந்த ஞானியிடமும் கேட்கவில்லை. படுக்கையை எண்ணிற்று, பணத்தை வாங்கிற்று. அதே பையன் ஓட்டுப் போட 18 வயது வரை காத்திருக்க வேண்டும். 12 வயதில் முழு டிக்கெட் எடுத்தேனே, ஓட்டு கொடு என்று அவன் கேட்டால் சிரிப்போம். ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு கோடு. அந்தக் கோடு அந்தக் கவுண்டரோடு சரி.

வெளியூர்க்காரர் என்ற சொல்லையும் இப்படியே ஒவ்வொரு கவுண்டராகப் பார்க்க வேண்டும்.

வேலைவாய்ப்புக் கவுண்டரில் அதற்குப் பெயர் நான்-லோக்கல். நம் வீடுகளில் தினம் புழங்குகிற, கேட்டதும் வயிற்றைக் கலக்குகிற சொல். இதன் வரலாறு ஹைதராபாத்தில் ஆரம்பிக்கிறது. நிஜாம் காலத்து முல்கி விதிப்படி, 15 ஆண்டு அங்கே தொடர்ந்து வசித்தவருக்கும் அந்த மண்ணுக்கு உரியவருக்குமே அரசாங்க வேலை. 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்ததும், தெலுங்கு பேசுகிறவர்களுக்குள்ளேயே ஜெய் ஆந்திரா கிளர்ச்சி வெடித்தது. ஒரே மொழி, ஒரே மாநிலம், ஆயினும் கடற்கரைக்காரன் ஹைதராபாத்தில் வெளியூர்க்காரன்! இதை மறந்துவிடலாகாது. வெளியூர்க்காரன் என்ற சொல் தமிழனுக்காகச் செய்யப்பட்டதல்ல. 1973-ல் ஆறு அம்சத் திட்டமும், அதன்பின் அரசியல் சட்டத்தில் 371-D பிரிவும் வந்தன. 1975 அக்டோபரில் ஜனாதிபதி ஆணை வந்தது.

அந்த ஆணை லோக்கல் என்பதற்கு என்ன கோடு கிழித்தது தெரியுமா? தகுதித் தேர்வு எழுதிய ஆண்டோடு முடியும் தொடர்ச்சியான 4 கல்வியாண்டுகள் அந்தப் பகுதியின் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பள்ளியில் படிக்காதிருந்தால் தேர்வுக்கு முந்திய 4 ஆண்டுகள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கீழ்நிலை எழுத்தர் போன்ற வேலைகளுக்கு அந்தப் பகுதி என்பது மாவட்டம். அவற்றில் நூற்றுக்கு 80 இடம் லோக்கல்களுக்கு. இவ்வளவுதான். தாய்மொழி என்ற சொல் அந்த வரையறையில் கிடையாது. தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வியும் கிடையாது. சித்தூர் மாவட்டத்தில் நான்கு வருஷம் தொடர்ந்து படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய தமிழ்க் கூலித் தொழிலாளியின் மகள் அந்தக் கணக்கில் லோக்கல். காட்பாடியில் மாமா வீட்டில் தங்கிப் படித்த தெலுங்குப் பையன் நான்-லோக்கல். இதைத் தெரிந்துகொள்ளாமல், "நாம் அரவம், நமக்கு எங்கே கொடுக்கப் போகிறார்கள்" என்று விண்ணப்பமே போடாமல் உட்கார்ந்துவிடுகிற குடும்பங்களை நாம் பார்க்கிறோம். அரவம் என்று தெருவில் சொல்வார்கள். அதைப் பதிலுக்குப் பதிலாக நாம் வடுகு என்றும் சொல்லி வந்திருக்கிறோம். தெருச் சொல்லைத் தெருவிலே விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போக வேண்டும்.

தொழிலாளர் கவுண்டரில் வேறு கோடு. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு மாநிலத்தில் ஆள் சேர்க்கப்பட்டு இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்கு வந்தவரை மட்டுமே புலம்பெயர்ந்த தொழிலாளி என்றது. மேஸ்திரி கூட்டி வந்தால் சட்டம் உண்டு: பிரயாணப் படி, மாதக் கூலியில் பாதியோ 75 ரூபாயோ எது அதிகமோ அந்த இடப்பெயர்ச்சிப் படி, புகைப்படம் ஒட்டிய பாஸ்புக். தானாகவே பேருந்து ஏறி வந்து மாம்பழக்கூழ் தொழிற்சாலை வாசலில் வேலை கேட்டு நின்றவனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் புலம்பெயரவில்லையாம்! நாற்பது வருஷம் இந்த ஓட்டை அப்படியே இருந்தது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தானாக வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும் சேர்த்துக்கொண்டது. அது நல்லது. ஆனால் மாதச் சம்பள உச்சவரம்பாக 18,000 ரூபாயைச் சட்டத்தில் எழுதிற்று. முன்பு 5 பேர் இருந்தால் சட்டம் பொருந்தும் என்பதை 10 பேர் என்று ஆக்கிற்று. இடப்பெயர்ச்சிப் படியை எடுத்துவிட்டது. ஒரு கையால் சொல்லை அகலமாக்கி மறு கையால் சலுகையைக் குறைப்பது என்பது இதுதான். சொல்லைப் பார்த்து மட்டும் மகிழ்ந்து போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னும் விநோதம். அங்கே பிறந்த இடமோ, கடைசியாகக் குடியிருந்த இடமோ வேறாக இருந்தால் போதும், இடம்பெயர்ந்தவர். 2011-ல் அப்படி எண்ணியதில் நாட்டில் 45 கோடிக்கு மேல் தேறிற்று. நூற்றுக்கு 37 பேர். அவர்களில் பெரும்பகுதி, கலியாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போன பெண்கள். நம் பாட்டிமார் எல்லோரும் புலம்பெயர்ந்தவர்கள். சங்கத்துச் சந்தாப் புத்தகத்தில்தான் அவர்கள் பெயர் இல்லை.

ஆகவே, புலம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கிடையாது என்பதால் அந்தச் சொல் பயனற்றது என்றும் ஆகாது. எந்தக் கவுண்டர், எதற்காகக் கேட்கிறார்கள், பதிலால் எதைக் கொடுக்கப் போகிறார்கள் அல்லது பிடுங்கப் போகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கவுண்டரின் கோட்டை இன்னொரு கவுண்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

இலங்கையில் அது நடந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று வெள்ளைக்காரன் அழைத்துப் போனபோது அவர்கள் கூலிகள். 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறப்புக்கும் பாட்டன் பிறப்புக்கும் அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு அத்தாட்சி ஏது? சம்பளப் பதிவேட்டில் எழுதிய ‘இந்தியத் தமிழன்’ என்ற சொல் குடியுரிமைக் கவுண்டரில் வந்து நின்றது. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஹட்டனில் பிறந்து ஹட்டனை விட்டு வெளியே போகாதவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். நமது அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பார்த்தே இராத ஊருக்குத் திரும்பி வந்தவர்கள்!

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் வாசலிலேயே நடந்ததைச் சொல்கிறோம்.

2015 ஏப்ரல் 7-ந்தேதி. திருப்பதிக்கு அருகே, சந்திரகிரி மண்டலத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பலர் ஜவ்வாது மலையையும் அதை ஒட்டிய மலைகளையும் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். (இந்தப் பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். பழங்குடிப் பட்டியலில் மாவட்டங்களின் பெயரைக் குறித்துச் சேர்த்தபடியால், அதே ஜனங்கள் ஈரோட்டுப் பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலுக்கு வெளியே போனார்கள். இதுவும் ஒரு கோடு.) மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. தங்களோடு வந்தவர்கள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று உயிர் தப்பிய சிலர் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள்.

காட்டைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செம்மரம் உலகத்தில் இந்தச் சித்தூர், கடப்பை, நெல்லூர் பக்கத்து மலைகளில்தான் இயற்கையாக விளைகிறது. 2013 டிசம்பரில் இதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் குடும்பஸ்தர்கள். அந்தக் கொலையை நியாயம் என்று ஒருகாலும் சொல்ல மாட்டோம். நாம் பார்க்கச் சொல்வது ஒரு சொல்லை. கடத்தல்காரர் என்ற அந்தச் சொல்லுக்குள், துறைமுகத்தில் கன்டெய்னரில் மரத்தை ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிக் கோடி பார்க்கிறவனும் இருக்கிறான். மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்காகக் கோடரியோடு மலையேறிய கூலியும் இருக்கிறான். சொல் இருவருக்கும் பொது. குண்டு இருவருக்கும் பொதுவாக இருக்கவில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் இடைத்தரகன் ஆள் பிடித்து, மறு மாநிலத்துக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவன் என்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டம் புலம்பெயர்ந்த தொழிலாளிக்குச் சொன்ன அடையாளம். மலையேறியவன் அந்த அடையாளங்களோடுதான் வந்தான். செய்யவந்த வேலை சட்டத்துக்கு விரோதம் என்பதால் எந்தத் தொழிலாளர் அதிகாரியின் ஏட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை. அவன் யார் என்று முதன்முதலில் எழுதிய ஏடு பிரேதப் பரிசோதனை ஏடு.

அதற்குப் பிறகு அந்தச் சொல் காட்டோடு நிற்கவில்லை. கட்டட வேலைக்கும் கிணறு வெட்டவும் போளூர், செங்கம் பக்கத்திலிருந்து வருகிறவர்களைப் பேருந்து நிலையத்தில் நிறுத்தி, எங்கே போகிறாய், பையில் என்ன என்று கேட்பது சகஜமாயிற்று. தமிழ் பேசுகிற, லுங்கி கட்டிய, நாலு பேராக வருகிற ஆள் என்றால் காட்டுக்குப் போகிறவன் என்று வீட்டுக்காரர்களே சந்தேகப்பட்டு வாடகைக்கு விட மறுத்தார்கள். வனத்துறைக் கவுண்டரின் சொல் பேருந்து நிலையத்துக்கு வந்தது, அங்கிருந்து தெருவுக்கு வந்தது, கடைசியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும் சொல்லாயிற்று. அப்போது சங்கத்திலிருந்து போய் பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் யார்? இந்த ஊரிலேயே பிறந்து, தெலுங்கு சரளமாகப் பேசி, அதிகாரியிடம் பயமில்லாமல் நிற்கத் தெரிந்த சித்தூர்த் தமிழர்கள்! "இவர் எங்கள் ஆள், கட்டட வேலைக்கு வந்தவர்" என்று ஜாமீனாக நின்றவர்கள் அவர்கள். இன்று வந்திருக்கும் திருத்தப்படி அவர்கள் உறுப்பினர் அல்லர்.

ஆகவே 3-வது விதி இருக்கிறபடியே இருக்கட்டும் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து. புலம்பெயர்ந்தவர் யார் என்று வரையறுக்க வேண்டாம். தன்னைப் புலம்பெயர்ந்த தமிழர் என்று எண்ணி, சந்தா செலுத்தி, நமது வேலையில் தோள் கொடுப்பவருக்குக் கதவு திறந்திருக்கட்டும். நிதிக் குறைக்கு நிதியில் கோடு கிழிப்போம். படிப்பு உதவிக்கு வாடகை வீட்டில் இருக்கிற, தினக்கூலியில் வாழ்கிற குடும்பத்துக்கு முதலிடம். சாவுப் பிரயாணக் கைமாற்றுக்கு, போக வேண்டிய ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்ற தொகை. சொந்த வீடு உள்ளவர் காத்திருக்கலாம். அவரை வெளியே தள்ள வேண்டிய அவசியமில்லை. இதைத் தனித் தீர்மானமாகப் பொதுக்குழுவில் வைக்கிறோம். கையொப்பமிட்ட தோழர்கள் இதைப் படித்து, தங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டுகிறோம். பெறாவிட்டாலும் வாக்கெடுப்பு நடக்கும், யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.

நாமாக வரையறை எழுத வேண்டிய இடம் ஒன்று மட்டும் இருக்கிறது. அங்கே நாம் எழுதாவிட்டால் பிறர் எழுதிவிடுவார்கள். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றும், 2027 மார்ச் 1 அதற்குக் கணக்கு நாள் என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதில் தாய்மொழி என்ற கேள்வி வரும். கணக்கெடுப்பின்படி தாய்மொழி என்றால், குழந்தைப் பருவத்தில் தாய் அந்தப் பிள்ளையிடம் பேசிய மொழி. பள்ளிக்கூடத்தில் படித்த மொழியல்ல, மாநிலத்தின் மொழியல்ல, தகப்பன் ஜாதிச் சங்கம் சொல்லும் மொழியல்ல. தாய் தெலுங்குக்காரி, தகப்பன் தமிழன் என்ற வீடுகள் நம்மில் உண்டு. அந்தத் தாய் தெலுங்கில் கொஞ்சியிருந்தால் தெலுங்கென்றே எழுதுங்கள், தெரிந்த பிறமொழி என்ற இடத்தில் தமிழைச் சேருங்கள். பொய் எழுதச் சொல்ல மாட்டோம். ஆனால், தமிழில் தாலாட்டிய தாய்மார்கள், "எதற்கு வம்பு, தெலுங்கு என்றே போடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த எண்ணிக்கையில் நம் பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. சிறுபான்மை என்ற சொல்லை அரசியல் சட்டம் பயன்படுத்துகிறது, பொருள் எழுதவில்லை. மாநிலத்தை அளவாகக் கொண்டே பார்க்க வேண்டும் என்று 2002 அக்டோபர் 31-ல் 11 நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு டி.எம்.ஏ.பாய் வழக்கில் சொல்லிற்று. அதன்படி ஆந்திரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். தமிழ்நாட்டில் தெலுங்கர் மொழிச் சிறுபான்மையினர். 350-A பிரிவு தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. எத்தனை பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் என்பதற்கு 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு கிழித்த கோடு, வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர். ஓர் இடத்தின் ஜனத்தொகையில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை ஒரு மொழியினர் இருந்தால் அரசாங்க அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடலாம் என்றது 1956-ஆம் ஆண்டு மத்திய அரசின் குறிப்பு. ஒன்பது பிள்ளைகளுக்கு மொழி இல்லை, பத்தாவது பிள்ளை வந்தால் மொழி உண்டு! வேடிக்கைதான். ஆயினும் அந்தப் பத்தாவது பிள்ளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஸ்டடி சர்டிபிகேட்டைத் தலைமை ஆசிரியரின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாறினால் மாறும் அன்றே வாங்குங்கள். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமான பிறகு, சித்தூர் என்றும் திருப்பதி என்றும் இரண்டு விதமாகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் சங்க அலுவலகத்தில் சரிபார்த்துத் தருகிறோம். வரும்போது அசலோடு ஒரு ஜெராக்ஸ் கொண்டு வரவும்.